பாடபேதமாய் வந்த இசை

இளமையில் கேட்ட ஒலியைப் பற்றி எழுதுகிறவன் நடுநிலையாளனாக இருத்தல் அரிது. காது கேட்டதைக் காட்டிலும் மனம் பின்னால் சேர்த்துக்கொண்டது மிகுதியாக இருக்கும். இக்குறையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவதே நேர்மை.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பள்ளிப் பிள்ளைகளாயிருந்தோர் பலர் இன்று நாற்பது வயதை எட்டியும் தாண்டியும் விட்டனர். தங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றி அவர்கள் எழுதத் தொடங்கியிருக்கின்றனர், நல்லதே. மிட்டாய், பம்பரம், ஒலிநாடா, வாடகை மிதிவண்டி என்னும் வரிசையில் 'டிவி கேம்' என்று நாம் அழைத்த தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியும் தவறாது இடம்பெறுகிறது. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மீண்டும் செருகிய கதையை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! ஆயினும் அப்பெட்டி விடுமுறை நாள் முழுவதும் நம் செவியில் பொழிந்த இசையைப் பற்றி, நான் படித்தவற்றுள் ஒரு பத்திகூட இல்லை. 'டொய்ங், டொய்ங்' என்று ஓர் ஒலிக்குறிப்பு, அத்துடன் சரி. கச்சேரிக்குப் போய் வந்தவர் பந்தலின் அழகையும் பன்னீர்ச் செம்பின் வேலைப்பாட்டையும் மட்டும் விரித்துரைத்தால் பாடியவர் மனம் என்ன பாடுபடும்? ஏக்கம் மட்டும் மிஞ்சி, கேட்டல் கைவிடப்பட்ட எழுத்து அது.

பிற நாடுகளில் நிலைமை வேறு. 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியில் இசைக்கென்று தனிச் சில்லு இல்லை; ஒரே ஒரு சிறு ஒலிப்பானைத் 'திற, மூடு' என்று இயக்குவதே அதன் சங்கீதம் முழுவதும். அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த காமடோர் 64-இலோ, பாப் யானெஸ் என்னும் பொறியாளர் மூன்று குரல் கொண்ட இசைச் சில்லு ஒன்றை வடிவமைத்து வைத்தார். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே ஆகியோர் அம்மூன்று குரல்களைக் கொண்டு செய்த வித்தைகளைப் பற்றி அங்கே நூல்கள் உண்டு. வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஒலிநாடாவிலிருந்து விளையாட்டு கணினிக்குள் ஏறும்போது எழும் கீச்சொலியைக்கூட இசையாகப் பாவித்து உருகுவோர் உண்டு. இந்தக் கடைசி வகை உருக்கம் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.

நம் நாட்டிலோ வீட்டுக் கணினி என்பது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரது இல்லங்களில்தான் இருந்தது. 1984-இல் நடுவண் அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ், பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் கணினி முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குச் சென்றது. அதனுள்ளும் மூன்று சுரக்குரலும் ஓர் இரைச்சற்குரலும் கொண்ட சில்லு இருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஆசிரியரின் பின்னே வரிசையாகச் சென்று பார்த்துத் திரும்பும் ஒரு பொருளின் மீது மதிப்பு உண்டாகலாம், ஏக்கம் உண்டாகுமா? எனவே இப்பொருளை நம்மூரில் வைத்து ஆராயப் புகுவோன் கணினியை விட்டு, அதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பான டிவி கேமிடந்தான் போக வேண்டும். அதனுள்ளே இருந்ததும் ஒரு கணினியே. விசைப்பலகைதான் இல்லை.

வடசென்னைக்கு அப்பெட்டி வந்த வழி பர்மா பஜார். பர்மாவில் வாழ வழியற்றுத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல், துறைமுகத்தை அடுத்துச் செல்லும் ராஜாஜி சாலையோரம் எழுந்த கடைத்தெரு அது. கப்பலில் வந்த அயல்நாட்டுப் பொருள் எதுவும் முதலில் கால் வைக்கும் இடம் அதுவே. ராயபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது நடை தூரம். 1993-இல் எனக்கு வயது 12. இரண்டு பெருநாள்களின் காசைச் சேர்த்துவைத்து, மீதிக்கு உம்மாவின் சிபாரிசை வைத்து, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கினோம். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலை வாப்பாவுக்கு. எந்தப் பொருளையும் எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமில்லையே, காத்தால்ல இருக்கு" என்றார். வாப்பா சொன்னது சரிதான். பெட்டி பெரிது, உள்ளே இருந்த பலகை கையகலந்தான்.

அப்பெட்டியின் மூலம் எது என்பதை நாங்கள் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகே. 1983 சூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுக் கருவியின் படி அது. மூலக்கருவியின் சில்லில் ஐந்து குரல்கள் இருந்தன. இரண்டு, சதுர அலைக் குரல்கள். பாட்டையும் துணைப்பாட்டையும் ஏந்துவன. மூன்றாவது முக்கோண அலைக் குரல். தாழ்ந்த சுருதியில் அடித்தளம் இடுவது. இதன் வலிவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது: ஒன்று ஒலிக்கும், அல்லது வாய் மூடும். நான்காவது வெறும் இரைச்சல். அதை நறுக்கி நறுக்கித் தாளக் கருவியாக்குவர். ஐந்தாவது, பதிவு செய்த ஒலித்துணுக்கை ஒலிக்கச் செய்வது. இடம் போதாமையால் பலர் அதைத் தொடவே இல்லை.

இந்தச் சிறிய குடும்பத்தை வைத்துக்கொண்டு கோஜி கோண்டோ என்னும் இளைஞர் 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையமைத்தார். ஒரு சில துண்டுகள்தாம். திறந்தவெளிக்கு ஒன்று, நிலவறைக்கு ஒன்று, நீரடிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று. மற்றவை வெற்றி தோல்விகளுக்கான சிறு முத்தாய்ப்புகள். அதன் முதன்மை இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-இல் தன் தேசிய ஒலிப்பதிவு ஏட்டில் சேர்த்தது. விளையாட்டு இசை ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. விருதால் ஒரு கலைப்பொருள் உயர்ந்துவிடுவதில்லை. ஆயினும் இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவோர் முன் எடுத்துவைக்க அச்செய்தி உதவும் என்பதால் குறிப்பிட்டேன்.

அந்த இசையின் பண்பு யாது? கேட்பதற்கென்று மட்டும் அமைந்த இசையன்று அது. விரல்களோடு சேர்ந்து இயங்குவதற்கென அமைந்தது. இதை நான் கண்டுகொண்ட விதம் வேடிக்கையானது. மாலையில் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டால், "தம்பி, சத்தத்தைக் குறை" என்று அடுக்களையிலிருந்து உம்மாவின் குரல் வரும். ஒலியை அறவே குறைத்துவிட்டு, கள்ளத்தனமாய் ஆட்டத்தைத் தொடர்வேன். அந்தச் சில நிமிடங்களில் நான் தவறாமல் பள்ளத்தில் விழுவேன். கண் முன்னே எல்லாம் அப்படியே இருக்கின்றன. பொத்தானும் அதே பொத்தான். தாவ வேண்டிய கணம் மட்டும் பிடிபடுவதில்லை. இசைதான் எனக்குக் காலங்காட்டியாய் இருந்து வந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. உம்மா இதைப் படித்தால், நான் விழுந்ததற்கு வேறு காரணம் சொல்லக்கூடும்.

இன்னுமொன்று. குரல்கள் சில மட்டுமே இருப்பதால், மரியோ தாவும்போது எழும் ஒலிக்குச் சதுர அலைக் குரல்களுள் ஒன்று தன் இசையை விட்டுவிட்டு ஓட வேண்டும். தாவல் முடிந்ததும் மீண்டும் வந்து பாட்டில் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு தாவலும் இசையில் ஒரு துளையிடுகிறது. அடிக்கடி தாவுகிற பதற்றக்காரனுக்குக் கிடைக்கும் இசை வேறு; நின்று நிதானித்து ஆடுகிறவனுக்குக் கிடைப்பது வேறு. எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் ஆடுகிறார்கள் என்பதைச் சன்னலுக்கு வெளியே நின்று ஒலியை வைத்தே சொல்லிவிட முடியும். பாடகரின் மூச்சை வைத்துப் பாடகரை அறிவதைப் போன்றதே இது.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜப்பானிய மூலக்கருவியில் ஒலித்தவாறே பதிவு செய்யப்பட்ட மரியோ இசையை முதன்முறையாகக் கவனத்தோடு கேட்டேன். சுரம் ஒவ்வொன்றும் அதே சுரம். ஆனால் பாட்டு ஓடிற்று! பள்ளி மணி அடித்ததும் வெளியே பாயும் பிள்ளைகளைப் போல் ஓடிற்று. என் நினைவில் இருந்ததோ சாவகாசமாய் நடக்கும் பாட்டு. வயதாகிவிட்டதால் உலகமே விரைவாய்த் தெரிகிறது போலும் என்று முதலில் எண்ணினேன். காரணம் அதுவன்று, கணக்கில் இருந்தது.

ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தை வரையும். நம் நாட்டுத் தொலைக்காட்சியோ 'பி.ஏ.எல்.' முறையைச் சேர்ந்தது. நொடிக்கு 50 முறை வரையும். அவ்விளையாட்டுகளில் இசையின் நடை இந்த வரைதலோடு கட்டப்பட்டிருந்தது: ஒவ்வொரு முறை படம் வரையப்படும்போதும் இசை ஓரடி நகரும். 60 அடிக்கென எழுதிய இசை 50 அடியில் நடந்தால், ஒரு நிமிடம் ஒலிக்க வேண்டியது 72 நொடி ஒலிக்கும். ஐரோப்பாவுக்கென நிறுவனமே வெளியிட்ட மரியோ பதிப்பில் இக்குறைக்கு ஈடுசெய்திருந்தனர். நமக்கு வந்தவையோ 60 அடிக்கு எழுதிய மூலத்தின் படிகள். அவற்றுக்கு ஈடுசெய்வார் எவருமில்லை. சுருதியை நிர்ணயிப்பது சில்லின் துடிப்பு. படிச் சில்லுகளில் அது மூலத்தினின்று மிகச் சிறிதே தாழ்ந்தது. எனவே சுருதி ஏறத்தாழ நிலைத்து நிற்க, காலம் மட்டும் தளர்ந்துவிட்டது. சுழல் தட்டை விரலால் அழுத்தி மெதுவாக்கினால் பாடகர் குரல் தடித்துப் போகுமே, அத்தகைய விகாரம் இதில் இல்லை. ஆகவேதான் எவருக்கும் ஐயம் எழவில்லை.

காலம் மட்டுமா? தைவானில் படியெடுத்து வார்க்கப்பட்ட அச்சில்லுகள் பலவற்றில் வேறொரு பிழையும் புகுந்திருந்தது. சதுர அலையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் குரலின் தன்மை மாறும். பாதிக்குப் பாதி என்றால் உள்ளீடற்ற மூங்கிற்குழல் போன்ற ஒலி. காற்பங்கு என்றால் சற்றே மூக்கால் பேசும் ஒலி. படிச் சில்லுகளில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டன. இசையமைத்தவர் குழல் வேண்டிய இடத்தில் நாதசுரமும், நாதசுரம் வேண்டிய இடத்தில் குழலும் வந்து அமர்ந்தால் எப்படியோ அப்படி. இதற்கும் மேலாக, படியெடுத்தோர் விளையாட்டின் முகப்பிலிருந்து நிறுவனத்தின் பெயரைச் சுரண்டியெடுத்தனர். இசையமைப்பாளர் பெயரோ மூலத்திலேயே பெரும்பாலும் மறைபொருள். புனைபெயரில் ஒளித்து வைப்பது அந்நாளைய ஜப்பானிய நிறுவனங்கள் சிலவற்றின் வழக்கம். ஆக, ஆசிரியர் பெயர் இழந்து, நடை தளர்ந்து, குரல் மாறி, '9999999 ஆட்டங்கள்' என்று பொய்க் கணக்கு எழுதிய மஞ்சள் கேசட்டில் ஏறி (உள்ளே இருப்பது பத்தோ பன்னிரண்டோதான்) அந்த இசை ராயபுரம் வந்து சேர்ந்தது.

ஏடு பெயர்த்தெழுதும் மரபில் வந்த நமக்கு இது புதிய அனுபவமா? ஒருவர் சொல்ல ஒருவர் எழுதி, அதைப் பார்த்து மற்றொருவர் எழுதி, கையெழுத்து மயங்கி, எழுத்து இடம் மாறி, ஆசிரியர் பெயர் கரைந்து வந்து சேர்ந்தவைதாமே நம் நூல்களுட் பல. சீறாப்புராணத்தை 1842-இல் அச்சில் ஏற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், ஏடுகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். நல்ல பதிப்பாசிரியர் மூலபாடத்தைத் துணிந்த பின்னும் பிற பாடங்களைக் குப்பையில் எறிவதில்லை, அடிக்குறிப்பில் பேணுவார். ஓர் ஊரார் நூறாண்டுக் காலம் ஓதி வந்த பாடம் பிழையானதாகவே இருப்பினும், அவ்வூராரின் செவிக்கு அதுவே நூல். ஜப்பானியப் பதிவைக் கேட்டு, 'இதுதான் உண்மையான மரியோ. நாம் கேட்டது போலி' என்று சொல்லி நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் கேட்டது ஒரு பாடபேதம். அதற்குரிய திறனாய்வை அதற்குச் செய்தாக வேண்டும்.

அதற்காக, நம்முடையது என்பதாலேயே அது நன்று என்று சொல்ல வரவில்லை. திறந்தவெளி இசைக்கு இந்தத் தளர்ச்சி பெருந்தீங்கு. கோண்டோ அதில் வைத்திருந்த துள்ளல், தாளத்தின் இடைவெளிகளில் முந்திக்கொண்டு வந்து விழும் சுரங்களால் ஆனது. காலம் தளர்ந்தவுடன் அந்த முந்துதல் வெறும் தாமதமாகத் தோன்றிவிடுகிறது. கொனாமி நிறுவனத்தின் 'கான்ட்ரா' நிலை இன்னும் பரிதாபம். வேகமே உயிரான போர்க்கள இசை அது. நம் பெட்டியில் அப்படை சுமையேற்றிய மாட்டு வண்டியில் களம் புகுந்தது.

நீரடி இசையோ நம் பாடத்தில் உயர்ந்து நிற்கிறது. அது மும்மைக் கதியில் அமைந்தது. ஒன்று அழுந்தி இரண்டு மிதக்கும். மூல நடையில் அது நடனக் கூடத்து இசை. நம் நடையிலோ நீரின் எடை அதில் ஏறிவிட்டது. காசிமேட்டுக் கரையில் கட்டிப்போட்ட படகுகள் அலைக்கு அசையும் முறையைப் பார்த்து வளர்ந்த எவரும், அவ்விசை எந்த நடையில் இருக்கத் தக்கது என்பதில் என்னோடு முரண்பட மாட்டார்.

எனினும் நான் நிறைய நேரம் நின்று பேச விரும்புவது நிலவறை இசையைப் பற்றித்தான். இசை என்று அதைச் சொல்வதே சிலருக்கு மிகையாகத் தோன்றும். தாழ்ந்த சுரம் ஒன்று, உடனே அதன் மேல்நிலைச் சுரம். இப்படிச் சில இணைகள் நறுக்கென்று ஒலித்து நின்றுவிடும். பிறகு மௌனம். மறுபடி அதே இணைகள், மறுபடி மௌனம். துணைப்பாட்டு இல்லை, தாளம் இல்லை. நம் பெட்டியில் அந்த மௌனமும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடந்ததால் மேலும் நீண்டது. அந்த நீட்சிக்குள் எங்கள் ஊர் நுழைந்தது.

துறைமுகத்தில் நின்ற கப்பலின் நெடுங்குரல் நுழைந்தது. சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் இரும்போசை, ராயபுரம் ரயில் தடத்திலிருந்து வந்தது. 1856-இல் தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட நிலையமல்லவா அது. விசைப்படகுகளின் டீசல் பொறி ஒலி, ஊருக்குப் பெயர் தந்த ராயப்பரின் தேவாலய மணி, ஆலைச் சங்கு, எல்லாம் அந்த இடைவெளியில் வந்தன. திருவொற்றியூரில் என் பெரியம்மா வீட்டில் ஆடும்போது, 1955 முதல் அங்கே உருவாகி வந்த என்ஃபீல்டு வண்டிகளின் குதிரைக் குளம்படி போன்ற ஒலி தெருவில் கடந்து போகும். இவற்றிற்கெல்லாம் அடியில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஓயாமல் எழும் மின்னிரைச்சல், ஒரு தம்பூராவைப் போல். ஐந்து குரல் கொண்ட அந்தச் சில்லு வறியது என்பது உண்மை. வறுமையால் அது வாயை மூடிக்கொண்ட நேரங்களில் தெரு பேசிற்று. இன்றைய விளையாட்டுகளில் எண்பது கருவிகள் கொண்ட இசைக்குழு ஓயாமல் முழங்குகிறது. பிள்ளைகள் காதுகளை அடைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்த இசை தரத்தில் தாழ்ந்ததன்று. ஆனால் அதனுள் எண்ணூரோ ராயபுரமோ நுழைய வழியில்லை. அதை நினைத்து ஏங்கப்போகும் நாளைய பிள்ளைக்கு, தான் எந்த ஊரிலிருந்து அதைக் கேட்டோம் என்பது நினைவில் இருக்குமா என்பது ஐயமே.

இந்த ஒலி எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது கோடம்பாக்கத்திலிருந்து வந்தது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். அது யமஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5.எம். என்னும் இசைக் கணினி என்று சொல்வர். அப்பொறி 'எம்.எஸ்.எக்ஸ்.' வகை வீட்டுக் கணினிகளின் இனத்தைச் சேர்ந்தது. கொனாமி முதலிய நிறுவனங்கள் அந்த இனக் கணினிகளுக்காகவே எத்தனையோ விளையாட்டுகளை எழுதியிருக்கின்றன. மேலை நாட்டுப் பிள்ளை விளையாட்டில் கேட்ட பொறியின் குரலை, நம் பிள்ளை முதலில் திரையிசையிலும் தேநீர்க் கடை வானொலியிலும் கேட்டது. எனவே டிவி கேம் வீட்டுக்கு வந்தபோது, 'இது ராஜா பாட்டில் வருகிற சத்தம்' என்றுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் பேசிக்கொண்டோம். இந்த வரிசை மாற்றம் சிறிய செய்தியன்று. நம் நினைவேக்கத்தை வேற்று நாட்டார் எழுதியவற்றிலிருந்து இரவல் வாங்க முடியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் அலுவலகக் கணினிகளில் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' (1989) பற்றியும் ஒரு சொல். ஜோர்டன் மெக்னர் ஆக்கிய அவ்விளையாட்டுக்கு இசையமைத்தவர், உளவியல் அறிஞரான அவர் தந்தை பிரான்சிஸ் மெக்னர். சுல்தான், அமைச்சன், நிலவறை, வாள் என்று மேற்கு தன் படுக்கையறையில் கண்ட கீழ்த்திசைக் கனவு அது. இசையும் அக்கனவின் தையற்கடையில் அளவெடுத்ததே. ஒற்றைக் குரல் ஒலிப்பானில் கேட்கையில் அந்த ஒப்பனைகள் உதிர்ந்துபோய், ஓர் எளிய சோகம் மட்டும் எஞ்சி நின்றது. இங்கும் வறுமை உதவிற்று என்பேன்.

இத்தகைய இசையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதி அரங்கேற்றும் வழக்கம் பழையது. 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் இசையைக் கொய்ச்சி சுகியாமா 1987-இலேயே டோக்கியோவில் கச்சேரியாக நடத்திக் காட்டினார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் விளையாட்டு வீரர்கள் அணிவகுத்தபோது ஒலித்ததும் அவ்வகை இசையே. பெருமைக்குரியதுதான். ஆனால் நாட்டுப்புறப் பாடலுக்குப் பட்டுச் சட்டை போட்டு மேடையேற்றும்போது, அதன் நடையிலிருந்த ஒரு தயக்கம் போய்விடுவதை நாம் கண்டிருக்கிறோம். மூன்று குரலுக்குள் அடைபட்டதால் பிறந்த இசை, முப்பது வயலின்கள் கிடைத்ததும் எதனுடன் போராடும்?

பாடபேதத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று வாதிடுவதற்கு இன்னொரு காரணமும் எனக்குண்டு. அந்த இசையின் இடைவெளிகளை நிரப்பிய ஒலிகளுள் பல மறைந்துவிட்டன. பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதன் சங்கும் நின்றது. 1970-இல் மின்னாக்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. (450 மெகாவாட் ஆற்றலுள்ள அந்நிலையத்தின் சாம்பல் படிந்த சன்னலோரத்தில் உட்கார்ந்து மின்வெட்டுக்காக விளையாட்டை இழந்தவர்கள் நாங்கள். இதைக் குறைகூறிப் பயனில்லை.) சங்கொலி நின்றதற்காக அழ வேண்டுமென்பதன்று. அச்சங்கு ஊதியபோது எழுந்து ஓடியவர்களுக்கு அது இனிய இசையாக இருந்திருக்காது. ஆயினும் ஓர் ஊர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதற்குச் சான்று வேண்டும்.

சென்ற ஆண்டு, பெரியம்மா வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டுப் பெட்டியும் தப்பிப் பிழைத்திருந்தது. மின்வழங்கி இரண்டும் கெட்டிருந்தன. ரிச்சி தெருவில் வயதான பழுதுபார்ப்பவர் ஒருவர் மின்தேக்கிகளை மாற்றிக் கொடுத்தார், "எதுக்குங்க இது?" என்று மட்டும் கேட்டார். குமிழ்த்திரைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடாயிற்று. இரு பெட்டிகளிலும் ஒரே கேசட்டைச் செருகி, கடிகாரம் வைத்து அளந்தேன். மூலத்தில் 60 நொடி ஆகும் பகுதி இரண்டிலும் 72 நொடி ஆயிற்று. குரலில் மட்டும் வேறுபாடு இருந்தது: பெரியம்மா வீட்டுப் பெட்டியில் குழலும் நாதசுரமும் இடம் மாறியிருந்தன, எங்கள் பெட்டியில் மாறவில்லை. திருவொற்றியூர்ப் பாடம் ஒன்று, ராயபுரப் பாடம் ஒன்று என்று குறித்துக்கொண்டேன்.

ஒலியைப் பதிவு செய்தது திருவொற்றியூர் வீட்டு முன்னறையில். நிலவறை இசையின் இடைவெளிகளில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஒலிப்பான்கள் மாறி மாறிக் கேட்டன. சன்னலைச் சாத்திவிட்டு மறுபடி பதியலாமா என்று தம்பி மகன் கேட்டான். வேண்டாம் என்றேன்.